சோப்பா, பூந்தோட்டமா? பூமணம் ஏற்றிய பைப் புகையிலையை முதல்முறை வாங்குவோருக்கு

பூமணம் ஏற்றிய பைப் புகையிலையைப் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு கருத்து வரும். நான் வாங்குவதற்கு முன் இருவரிடம் கேட்டேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "மழை விட்ட பிறகு ரோஜாத் தோட்டத்தில் நடக்கிற மாதிரி இருக்கும்" என்றார். மற்றவர், "குளியல் சோப்பைப் பற்ற வைத்து இழுத்துப் பாரு, அதேதான்" என்றார். முதலாமவரை நம்பி 250 கிராம் பெட்டியை வாங்கினேன். ஈரம் காயாத புகையிலையை அப்படியே என்னிடமிருந்த நல்ல பிரையர் மர பைப்பில் திணித்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இழுத்தேன். அன்று தலைவலி. அந்த பைப்பில் அதற்கப்புறம் எதைப் போட்டாலும் நான்கு மாதம் பன்னீர் வாசம். வீட்டில் பேச்சுவார்த்தை இரண்டு நாள் நின்றுபோனது.

உங்களுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இது ஏற்கெனவே பைப் புகைக்கும் வயதுவந்தவர்களுக்கான குறிப்பு. புகைக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், உதடு, தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு அது காரணமாகிறது. பூமணம் அதில் ஒரு துளியும் குறைப்பதில்லை, மறைக்க மட்டும் செய்கிறது.

1. யார் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கருத்து இவ்வளவு முரண்படுவதற்குப் பெரிய காரணம், ஆளுக்கொரு புகையிலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான். "பூமணம்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, ரோஜா, ஜெரேனியம், லாவெண்டர் வகை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல் ஊர்ப் புகையிலைகளால் பேர்பெற்றது. அதனால் பைப்காரர்கள் இதை "லேக்லாந்து மணம்" என்றே சொல்கிறார்கள். சோப்பு, பவுடர், பாட்டியின் கைப்பை என்றெல்லாம் கிண்டல் செய்யப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். காவித் ஹாகர்த் நிறுவனத்தின் என்னர்டேல் ஃபிளேக் (ஃபிளேக் என்பது அழுத்திச் சீவிய துண்டுப் புகையிலை) இதில் உச்சம். இதைப் பிடித்தவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறார்கள், பிடிக்காதவர்கள் அது இருக்கும் அறைக்குள்ளேயே வர மாட்டார்கள். நடுவில் நிற்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது, டோங்கா விதை மணம். இது பூவே இல்லை, ஒரு மரத்தின் விதை. அதிலுள்ள கூமரின் என்ற பொருள் காய்ந்த வைக்கோல், வெனிலா, பாதாம் மூன்றையும் கலந்தது போல மணக்கும். இன்னொரு கெண்டல் பெயரான சாமுவேல் காவித்தின் "1792 ஃபிளேக்" இந்த வகை. இதையும் பலர் லேக்லாந்து கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் ஒருவர் "மென்மையான இனிப்பு" என்றும் இன்னொருவர் "சோப்பு" என்றும் சொல்லும்போது இருவரும் ஒரே பொருளைச் சொல்கிறார்களா என்பதே சந்தேகம்.

மூன்றாவது, எலுமிச்சைப் புல்லும் பூவும் கலந்த இலேசான மணம். வெளிர் நிற வர்ஜீனியா இலையில் ஏற்றப்படும். கிரவுஸ்மூர் இதற்கு நல்ல உதாரணம். மூன்றிலும் சாந்தமானது இதுதான். புதியவர் இங்கிருந்து தொடங்கினால் மிரள மாட்டார்.

ஆகவே, யாராவது "பூமணம் எனக்கு ஆகாது" என்றால் எந்தப் புகையிலை என்று பெயரைக் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அந்தக் கருத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெயரோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்டால் இன்னும் நல்லது: உலர்த்தினீர்களா? ஃபில்டர் போட்டீர்களா? எத்தனை முறை பிடித்துப் பார்த்தீர்கள்? ஒன்பது மில்லிமீட்டர் கரி ஃபில்டர் போட்டு இழுப்பவர் "மணமே இல்லை" என்பார். கரி அதை வடித்துவிட்டது, அவ்வளவுதான். ஈரமாக ஒரே ஒரு தடவை இழுத்தவர் "நாக்கு வெந்துவிட்டது" என்பார். அது நீராவி செய்த வேலை, பூவைக் குற்றம் சொல்லக் கூடாது.

இன்னொரு பொறி: கெண்டலில் செய்வதெல்லாம் பூமணம் என்ற நம்பிக்கை. அதே சாமுவேல் காவித்தின் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக்கும் ஸ்குவாட்ரன் லீடரும் பூமணத்துக்காக வாங்குபவை அல்ல. முன்னது வர்ஜீனியா இலையின் சொந்த இனிப்பு, பின்னது லடாக்கியா இலையின் புகை மணம். நிறுவனப் பெயரைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

2. உங்கள் மூக்கின் ஜாதகத்தைப் பாருங்கள்

சோப்பு என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ரோஜா, ஜெரேனியம் மணத்தின் முக்கியப் பொருள்களில் ஒன்று ஜெரானியால், லாவெண்டரின் முக்கியப் பொருள்களில் ஒன்று லினலூல். இரண்டையும் சோப்புத் தயாரிப்பவர்களும் அள்ளிப் பயன்படுத்துகிறார்கள். பூவை முகர்ந்து வளர்ந்த மூக்கு பூ என்கிறது, சோப்பை முகர்ந்து வளர்ந்த மூக்கு சோப்பு என்கிறது.

அது மட்டுமல்ல, மூக்குக்கு மூக்கு உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. வயலட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயோனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிலர் துளி இருந்தாலும் பூவாக உணர்கிறார்கள். வேறு சிலருக்கு நிறைய இருந்தால்தான் தெரியும், அதுவும் புளிப்பாக, காரமாகத்தான் தெரியும். ஓஆர்5ஏ1 என்ற மரபணுவில் உள்ள வேறுபாடுதான் இதற்குப் பெருமளவு காரணம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். புகையிலை இலையிலேயே இந்தப் பொருள் இயற்கையாகவும் இருக்கிறது. அப்படியென்றால் ஒரே டின்னை முகரும் இருவர் இரு வேறு டின்களைத்தான் முகர்கிறார்கள். பிறகு சண்டை வராமல் என்ன செய்யும்?

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ரோஜா மணச் சோப்பு ஒன்றையும் லாவெண்டர் மணச் சோப்பு ஒன்றையும் உறை பிரிக்காமல் முகருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். எது உங்களுக்கு உடனே சலிக்கிறதோ, தலையைப் பிடிக்கிறதோ, அந்த வகையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நான் இதைச் செய்திருந்தால் ஜெரேனியம் எனக்கு ஆகாது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

3. லேபிள், ரசீது, சுங்க விதி

டின்னைக் கையில் எடுத்ததும் நான்கு விஷயம் பாருங்கள். "ஸென்டட்" என்றோ "அன்ஸென்டட்" என்றோ எழுதியிருக்கிறதா? காவித் ஹாகர்த்தில் பிரவுன் ஃபிளேக், டார்க் ஃபிளேக் இரண்டுமே மணம் ஏற்றியது, ஏற்றாதது என்று தனித்தனியாக வருகின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவது சுலபம். கடைக்காரரும் மாற்றிக் கொடுத்துவிடுவார். எனக்கு ஒரு தடவை நடந்தது, திறந்த டின்னைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். இரண்டாவது, எடை. மூன்றாவது, தயாரித்த தேதியோ தொகுதி எண்ணோ. பூமணம் காலப்போக்கில் மங்கும். நான்கு வருடம் பழசான டின்னைப் பிடித்தவரின் கருத்தும் போன மாதத்து டின்னைப் பிடித்தவரின் கருத்தும் ஒத்துப்போகாது. நான்காவது, மூடியின் இறுக்கம். மூடி எளிதாக அசைந்தால் உள்ளே காய்ந்திருக்கும், மணத்தில் பாதி ஏற்கெனவே காற்றில் போயிருக்கும்.

சில நாடுகளில் லேபிளை நம்பிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் எல்லாப் புகையிலைப் பொருளுக்கும் ஒரே நிறத்து வெற்று உறைதான். நிறுவனச் சின்னமும் அலங்காரமும் கிடையாது, உடல்நல எச்சரிக்கையும் பெயரும்தான். அங்கெல்லாம் போகும் முன்பே முழுப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால், வரியில்லாமல் எத்தனை கிராம் அனுமதி என்பதை அந்த நாட்டுச் சுங்கத் துறையின் இணையப் பக்கத்தில் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிரிட்டனுக்குள் வருபவர் வேறு புகையிலைப் பொருள் எதுவும் இல்லாமல் வந்தால் 250 கிராம் வரை கொண்டுவரலாம். சிகரெட்டும் வைத்திருந்தால் இரண்டும் ஒரே கணக்கில் சேரும், தனித்தனி இல்லை. பல நாடுகள் தபாலில் புகையிலை வரவழைப்பதையே தடை செய்திருக்கின்றன. அனுமதிக்கும் இடங்களிலும் வரி சில சமயம் சரக்கின் விலையைவிடக் கூடுதலாகப் போகும்.

ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். டின்னையும் பிரிக்காமல் வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று புகையிலையை எடுத்து லேபிள் இல்லாத பாலித்தீன் பைக்கு மாற்றிக் கொண்டுவந்தால், அது என்ன, எவ்வளவு, எங்கே வாங்கியது என்று ஒரு மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதற்குள் உங்கள் பெட்டியிலுள்ள சட்டை எல்லாம் மணம் பிடித்திருக்கும் என்பது தனிக் கதை.

4. எவ்வளவு வாங்குவது?

இருப்பதிலேயே சிறிய டின். பெரும்பாலும் 50 கிராம், சில இடங்களில் 25 கிராமும் கிடைக்கும். ஒரு நடுத்தர பைப் கிண்ணத்துக்கு (புகையிலை நிரப்பும் குழிக்கு) இரண்டரை கிராம் என்று வைத்தால் 50 கிராமில் இருபது கிண்ணம் வரும். முடிவெடுக்க உங்களுக்கு மூன்று போதும்.

கிராம் கணக்கில் பார்த்தால் பெரிய பெட்டி மலிவுதான். அந்த மலிவில்தான் நான் விழுந்தேன். ஆனால் 250 கிராம் என்பது நூறு கிண்ணம். பிடிக்காத ஒன்றின் நூறு கிண்ணம் எந்த விலைக்கும் மலிவு இல்லை. ஆசைக்கு ஒரு டின், பழகிய பிறகு பெட்டி.

நண்பர் யாரிடமாவது திறந்த டின் இருந்தால் ஒரு கிண்ணத்துக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். இந்த வகைப் புகையிலை பிடிக்காமல் வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். சிலர் டின்னோடு கொடுத்துவிடுவார்கள்.

செலவுக் கணக்கில் டின் மட்டும் வைக்காதீர்கள். தனி பைப் ஒன்று, இறுக்கமாக மூடும் கண்ணாடிச் சீசா ஒன்று, பைப் கிளீனர் ஒரு கட்டு, இவையும் சேர்ந்ததுதான் முதல் செலவு. பைப்புக்கும் புகையிலைக்கும் சம அளவு பணம் ஒதுக்கினால் சரியாக வரும்.

5. இதற்கென்று ஒரு பைப்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். பிரையர் மரமும் அந்த நார் மாதிரிதான், ஆனால் பூ போன பிறகும் விடாது. மரத்தின் உட்புறத்தில் படியும் கரிப் படலமும் தண்டின் துளையும் எண்ணெய்ப் பொருளை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து எதைப் போட்டாலும் பழைய மணம் எட்டிப் பார்க்கும். ஆங்கிலம் பேசும் பைப்காரர்கள் இதைப் பேய் என்கிறார்கள், பொருத்தமான பேர்தான். எந்த மணம் முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும் என்பதில் கொதிநிலைக்கும் பங்கு உண்டு. லினலூல் சுமார் 198 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஜெரானியால் 230-இல், கூமரின் 300-ஐ ஒட்டி. அதனால் லாவெண்டர் சீக்கிரம் கிளம்பும், டோங்கா வீட்டுக்காரர் மாதிரி தங்கிவிடும்.

சோதனைக்குச் சரியானது, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் செய்யும் பைப். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் மிசூரி மீர்ஷாம் நிறுவனம் 1869 முதல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சாதாரண ரகம் பெரும்பாலும் ஒரு டின் புகையிலையின் விலைக்குள் முடிந்துவிடும். மணம் பிடித்துப்போனால் அதையே பூமணப் பைப்பாக வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போடலாம், மனசு வலிக்காது. ஒன்று மட்டும்: புதுக் கதிர் பைப்பில் முதல் மூன்று நான்கு கிண்ணம் சோளத்தின் இனிப்பு கலந்தே வரும். அதனால் முதலில் மணம் ஏற்றாத சாதாரணப் புகையிலையில் பழக்கிவிட்டு அப்புறம் பூவுக்கு வாருங்கள். இல்லையென்றால் சோளத்தின் குணத்தைப் பூவின் தலையில் கட்டுவீர்கள்.

களிமண் பைப்பும் நல்லது. பிசுக்கு ஏறினால் நெருப்பிலிட்டுச் சுட்டெடுத்துவிடலாம். ஆனால் கிண்ணம் விரலைச் சுடும், கீழே விழுந்தால் கதை முடிந்தது. மீர்ஷாம் என்ற மென்மையான வெள்ளைக் கனிமத்தில் செதுக்கிய பைப் (மேலே சொன்ன நிறுவனத்தின் கதிர் பைப் அல்ல) மணத்தை அவ்வளவாகப் பிடித்து வைக்காது என்பார்கள். பிரையரைவிடக் குறைவு என்பது சரி, அறவே இல்லை என்பது என் அனுபவத்தில் சரியில்லை. விலையுயர்ந்த பைப்பைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள்.

6. உலர்த்தாமல் பற்ற வைக்காதீர்கள்

டின்னைத் திறந்தால் அடர்ந்த பழுப்பில், பழைய செருப்புத் தோலை நீளவாக்கில் சீவியது போல் துண்டுகள் அடுக்கியிருக்கும். விரலில் எடுத்தால் கனமாக, குளிர்ச்சியாக இருக்கும். வளைத்தால் ஒடியாது. அழுத்தினால் விரல் நுனியில் இலேசான மினுமினுப்பு ஒட்டும். அதைத் தொட்ட கையை நான் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். கடைசியில் கையில் மணப்பது புகையிலையா சோப்பா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படியே பற்ற வைத்தால் பற்றாது. பற்றினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணையும். விடாமல் வேகமாக இழுப்பீர்கள், ஈரம் நீராவியாகி நாக்கைச் சுடும், பைப்பின் அடியில் கசப்பு நீர் தேங்கிக் கொடகொடக்கும். "பூமணம் நாக்கைக் கடிக்கிறது" என்ற குற்றச்சாட்டில் பாதி இங்கே பிறந்ததுதான்.

செய்ய வேண்டியது இது. ஒரு கிண்ணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்து, இரு உள்ளங்கைக்கு நடுவே மெதுவாகத் தேய்த்து நூல் நூலாக உதிருங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயில் வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். அரைமணி கழித்து ஒரு சிட்டிகையை எடுத்து விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே இருந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பிரிந்து மலர்ந்தால் சரி. மொறுமொறுவென்று ஒடிந்தால் அதிகம். ஈரப்பதமான நாளில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட வேண்டாம்.

உலர்த்தும் நேரம்தான் மணத்தின் கைப்பிடி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. லாவெண்டர், ரோஜா மணங்கள் காற்றிலேயே கொஞ்சம் பறந்துவிடும். தூக்கலாக இருக்கிறது என்று நினைத்தால் மாலையில் பரப்பி வைத்து மறுநாள் காலை பிடித்துப் பாருங்கள். வேறு புகையிலையாகத் தெரியும். மணத்தை விரும்புபவர் அரைமணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. ஒரு வாரம், மூன்று கிண்ணம், ஒரு நோட்டு

முதல் கிண்ணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் தடவை மூக்குக்கு அதிர்ச்சி, இரண்டாவது தடவை பழக்கம், மூன்றாவது தடவைதான் சுவை. இரண்டு நாளுக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை முக்கால் பங்கு மட்டும், தளர்வாக நிரப்புங்கள். பற்ற வைப்பதற்கு முன் ஒரு தடவை வெறுமனே இழுத்துப் பாருங்கள், அப்போது வரும் மணத்தை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் பாதியில் ஒரு வரி, முடித்த பிறகு ஒரு வரி. பல நேரம் பூ முதல் மூன்றில் ஒரு பங்கோடு விடைபெற்றுவிடும், பிறகு வருவது இலையின் சொந்தச் சுவை. என் நோட்டில் இரண்டாம் கிண்ணத்துக்கு எழுதியிருப்பது இது: "தொடக்கம் பன்னீர், தாங்கவில்லை. பாதியில் பன்னீர் போய் வைக்கோல், கொஞ்சம் மிளகு. கடைசி, அட, நன்றாக இருக்கிறது." முதல் நாளே தூக்கி எறிந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

முடிந்தால் பிரவுன் ஃபிளேக்கில் மணம் ஏற்றியதும் ஏற்றாததும் ஒவ்வொரு கிண்ணம் பிடித்துப் பாருங்கள். அடிப்படை இலை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் எது பூவின் குணம், எது இலையின் குணம் என்று பளிச்சென்று பிரியும். "எனக்குப் பூமணம் ஆகாது" என்று சொல்லித் திரிந்த என் நண்பர் ஒருவர் இந்தச் சோதனைக்குப் பிறகு தனக்கு ஆகாதது இலைதான் என்று கண்டுபிடித்தார்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மணம் மென்மையாக இருக்கிறது என்பதால் சரக்கும் மென்மை என்று நினைக்காதீர்கள். இந்த வகையில் பலவற்றில் தீமூட்டி உலர்த்திய கருப்பு இலை இருக்கிறது. அதன் புகை காரத்தன்மை கொண்டது, அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே வேகமாக ஏறும். 1792-ஐயும் டார்க் ஃபிளேக்கையும் வெறும் வயிற்றில் இழுத்தால் விக்கல், குளிர் வியர்வை, குமட்டல் வரிசையாக வரும். விக்கல் வந்த உடனே பைப்பைக் கீழே வையுங்கள், வெளிக்காற்றில் உட்காருங்கள். மிச்சத்தை முடித்துவிடலாம் என்ற வீரம் வேண்டாம். உணவுக்குப் பிறகு, பாதிக் கிண்ணம், மெதுவாக. முதல் வாரத்துக்கு இது போதும்.

8. வீட்டில் இருப்பவர்கள்

உங்கள் மூக்கு சில நிமிடங்களில் மணத்துக்குப் பழகி மரத்துப்போகும், பக்கத்து அறையில் இருப்பவரின் மூக்கு அப்போதுதான் விழித்திருக்கும். அதனால் "வாசமே இல்லையே" என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். வெளியே போய்ப் பிடியுங்கள். பூ வாசம் வந்தாலும் அது புகைதான், அடுத்தவர் நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

9. நல்ல பைப்பில் மணம் ஏறிவிட்டால்

என்னைப் போல முந்திக்கொண்டவர்களுக்கு இது.

முதலில் கிண்ணத்தின் உள்ளே படிந்த கரிப் படலத்தை ஒரு தாள் கனம் மட்டும் மிஞ்சும்படி சுரண்டி எடுங்கள். மணத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. தண்டையும் வாய்ப்பகுதியையும் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரால், கிளீனர் வெள்ளையாக வெளியே வரும் வரை துடையுங்கள். எனக்குப் பதினாறு கிளீனர் ஆனது.

அடுத்தது இரவு வைத்தியம். வாய்ப்பகுதியைக் கழற்றி வையுங்கள். கிண்ணத்தில் பஞ்சை நிரப்பி, சொட்டுக் குழலால் அடர்த்தியான ஆல்கஹாலைப் பஞ்சு நனையும் அளவு மட்டும் விடுங்கள். தண்டின் துளையிலும் ஒரு கிளீனரைச் செருகி, இரவு முழுவதும் சாய்த்து வையுங்கள். பஞ்சுக்குப் பதில் உப்பு போடுபவர்கள் உண்டு. உப்பு நன்றாகவே இழுக்கும், ஆனால் மரத்துக்குள் புகுந்து வெடிப்பு உண்டாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். காலையில் பஞ்சைப் பார்த்தேன். அடர்ந்த தேநீர் நிறம், ஓரத்தில் தார் போன்ற வளையம், முகர்ந்தால் சாட்சாத் பன்னீர். இன்னும் இரண்டு இரவு செய்த பிறகுதான் பஞ்சு வெளிறியது.

மூன்று தப்பு செய்யாதீர்கள். பெயின்ட் கடையில் விற்கும் மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள், அது விஷம், பைப் வாயில் வைக்கும் சாமான். ஆல்கஹால் வெளிப்பூச்சில் சொட்டினால் பளபளப்பு போய்விடும், வெளியே துணி சுற்றிக்கொள்ளுங்கள். மீர்ஷாம் பைப்பில் இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் ஒரு வாரமாவது திறந்து வைத்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் வாசம் துளி இருந்தாலும் நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் லடாக்கியா கலந்த புகையிலையை நான்கைந்து கிண்ணம் பிடித்தால் மிச்சமுள்ள பூவும் அடங்கும். இப்போது அந்தப் பிரையர் பைப் எண்பது சதவீதம் தேறிவிட்டது. மழை நாளில் மட்டும் அந்தப் பழைய வாசம் இலேசாக எழும்பும்.

10. மிச்சத்தைச் சேமிப்பது, கைமாற்றுவது

திறந்த டின்னை அப்படியே வைக்காதீர்கள். கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றி, பெயரும் திறந்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். மற்றப் புகையிலை இருக்கும் அலமாரியில் வைக்க வேண்டாம். மூடியின் ரப்பர் வளையம் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தச் சீசா ஆயுள் முழுக்கப் பூவுக்குத்தான். கசக்கும் அமுக்கும் கருவிகளையும் துடைத்துவிட்டு மற்ற டின்களைத் தொடுங்கள்.

மணம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அடியோடு பிடிக்காமல் இல்லை என்றால், மணம் ஏற்றாத வர்ஜீனியாவோடு ஒன்றுக்கு நாலு என்று கலந்து மூன்று வாரம் மூடி வையுங்கள். கலவை எதிர்பார்த்ததைவிட நன்றாக வரும். கொஞ்சமாகக் கலந்து பாருங்கள், மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரோஜா, ஜெரேனியம் வகையை நான் விட்டுவிட்டேன். டோங்கா பிடித்துப்போனது, அதற்கென்று ஒரு கதிர் பைப் தனியாக, ஜன்னல் திண்டில், மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. பெட்டியில் மிஞ்சிய 190 கிராமை இரட்டை உறையில் சுற்றி, எனக்கு முதலில் ரோஜாத் தோட்டக் கதை சொன்ன அதே மனிதரிடம் கொடுத்தேன். வாங்கி முகர்ந்துவிட்டு, "இதையா வேண்டாம்னு சொல்றீங்க?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு நாள் வெளியே உட்கார்ந்து பேசுகிறோம். அவர் அதைத்தான் பிடிக்கிறார். நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.